திருப்பத்துச் சுமைதாங்கி

இது கட்டிவிட்ட கதை இல்லை. சந்தேகமிருந்தால் போடியில் சந்திரவல்லி வீட்டுக்குப் போய், அவளுடைய இடது காலைப் பாருங்கள்.

எழுபத்தொன்பது, ஐப்பசி. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். கல்யாணமாகி அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சந்திரவல்லிக்கு எட்டாம் மாதம். ஒன்பதில் தாய்வீட்டுக்குப் போவதாக இருந்தது. வளைகாப்பு வளையல்கள் கைச்சதையில் பதிந்து கிடந்தன. பிரசவம் முடியும்வரை கழற்றக்கூடாதே! "பிள்ளைப் பூரிப்பு" என்று எல்லாரும் திருஷ்டி கழித்தார்கள். கால் வீக்கத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அன்று மாலை நாலரை மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. ஏலக்காய் மூட்டையோடு திரும்பியவளுக்கு மூச்சு வாங்கியது. பாதைத் திருப்பத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு, அடியில் உட்கார்ந்தாள்.

எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவளும் பிள்ளைத்தாச்சி. முகம் உப்பியிருந்தது. கை நிறைய வளையல்... அசைந்தும் சத்தமே வரவில்லை.

"காலக் காட்டு ஆத்தா."

முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினாள். சில்லென்றது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"தலை வலிக்குதா?"

"இல்லக்கா."

"கண்ணு இருட்டுதா?"

"இல்லையே..."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான். வெரசாக் கீழ போயிரு."

பனி விலகியது.

ஆள் இல்லை.

குழி மட்டும் இருந்தது...

மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். இரவெல்லாம் "கீழ போகணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவளை, விடிந்ததும் புருஷன் சோலை ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். பிரஷர் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. நர்சம்மா மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினாள். வெள்ளையாகத் திரிந்தது.

"மூத்திரத்துல புரதச்சத்து போகுது, பிரஷரும் ஏறியிருக்கு. இப்பத்தான் ஆரம்பம். தலைவலி வரட்டும்னு இருந்திருந்தா வலிப்பு ஜன்னி கண்டிருக்கும். ஒங்க தோட்டத்துப் பேச்சி போன வருஷம் அப்படித்தான்... வயித்துப் பிள்ளையோட, ஜீப்புலயே போயிட்டா."

சொல்லிக்கொண்டே, வீங்கிய கையை இறுக்கிய வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தாள். சோலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து முறை. இறக்காத சுமையை அவள் அங்கே இறக்கிவைப்பாள் என்பார்கள்.

"திருப்பத்துல இருக்கே... அது பேச்சிக்கு வச்ச கல்லா?" என்றாள் சந்திரவல்லி.

சோலை சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"எந்தக் கல்லு? விடியுமுன்ன மூட்டைய எடுக்கப் போனேன். தரையிலதான கெடந்துச்சு. பேச்சிக்கு இன்னும் கல்லே நடலையே!"

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சோலையே முன்னின்று, அதே திருப்பத்தில் பேச்சிக்குக் கல்லும் நட்டான். வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது.

அந்தப் பெருவிரல் குழி மட்டும்... இன்னும் நிரம்பவில்லை.