துரை செத்த அன்று செத்தவள்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி கத்தியது. முனியாண்டி ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தான். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள், அவன்தான் தலைவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்று பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்தவன். பேரனை வாசிக்கச் சொன்னேன். இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில் மறைந்த பெரியோர்களாம். அரைப் பக்கத்துக்கு வெள்ளைக்காரத் துரை, தொப்பியோடு. கீழே கணக்கு எழுதும் பெரிய கிராணி, கோயில் தலைவர். துரையின் காலடியில் அவருடைய நாய்கூட உட்கார்ந்திருந்தது.

பவுனு இல்லை.

தைல வாடை வந்தால் எனக்குப் பவுனு வந்துவிடுவாள். அவள் கையில் எப்போதும் விளக்கெண்ணெய். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவாள், மற்ற நேரத்தில் பிள்ளை எடுப்பாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த அத்தனை பேரையும் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள் அவள்தான். என்னை இரண்டு தட்டு கூடவே தட்டினாளாம். அதில் மூளை கலங்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஒரு பிரசவத்துக்கு மழையில் நடந்து போய்விட்டு வந்து காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. அதே காலையில்தான் துரை செத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துரை வீட்டுக்குப் போய்விட்டார். பவுனுவைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடைக்கவில்லை. தோட்டத்துப் பூட்டு, யாருக்குத் தைரியம்? சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் நான் எங்கே என்று கேட்கிறீர்களா? துரையின் சவவண்டி போகும் பாதையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அழுகிற பிள்ளைக்கு பிஸ்கட். நான் நன்றாக அழுதேன். இரண்டு கிடைத்தது.

குளுவாங் டவுனுக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த முனியாண்டியைப் பிடித்தேன்.

"பவுனு எங்கடா?"

"படம் இல்லடா. படம் இல்லாம எப்படிப் போடறது?"

"நாய்க்கு இருக்குல்ல?"

"அலமாக்! அது துரையோட சேர்ந்து விழுந்த படம்லா."

"அப்ப பவுனு துரை காலடியில உக்காந்திருந்தா போட்டிருப்ப. உன்னைய வெளிய இழுத்துப் போட்டவடா அவ! கட்டம் மட்டும் போட்டு, உள்ள ஒண்ணும் இல்லாம விடு."

"சிரிப்பாங்கடா." அவன் தண்ணீர் குடித்தான். "சரி, கத்தாத. ஆள் எப்படி இருப்பாங்க, சொல்லு. வரையச் சொல்றேன்."

வாயைத் திறந்தேன். எண்ணெய் மணந்தது. கை தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. இவ்வளவு கத்திய பெரிய மனிதனுக்கு, அவள் மூக்குத்தி போட்டிருந்தாளா என்றுகூடத் தெரியவில்லை. துரையின் தொப்பியில் இருந்த கறை தெரிகிறது.

முனியாண்டி யோங் பெங்கில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசையில் வைத்தான். அக்காவுக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய தலைப்பிள்ளையைப் பவுனுதான் எடுத்தாள்.

"அக்கா, பவுனு மூஞ்சி எப்படி இருக்கும்?"

"அவ மூஞ்சிய யாருடா பாத்தா? அவ வந்தா எங்களுக்கு வலி. கண்ண இறுக்கி மூடிக்கிட்டுல்ல கெடந்தோம்."

முனியாண்டி கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

லயத்தை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை மரம் நட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. அதற்கெல்லாம் யார் யாரையோ திட்டியிருக்கிறேன். இதற்கு யாரைத் திட்டுவது? எங்கள் எல்லாருடைய முகத்தையும் முதலில் பார்த்தவள் அவள். அவள் முகத்தைப் பார்த்து வைத்தவர் ஒருவரும் இல்லை.