மஞ்சள் பட்டையும் என் கையெழுத்தும்

என் கணவரின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினார்கள். அதில் இங்கிலீஷில் 'ஃபால் ரிஸ்க்' என்று இருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான்; எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஃபால் தெரியும். ஆரியசாலையில் நான் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடையில் எண்ணெய்ப் பெட்டிகள் மேல் 'ஹேர் ஃபால்' என்று போட்டிருக்கும். கல்லாறு போகிற வழியில் 'வாட்டர் ஃபால்ஸ்' என்று அம்புக்குறியோடு பலகை. முடி விழுந்தாலும் தண்ணீர் விழுந்தாலும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அந்தச் சொல் எதற்கு உதவுகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இந்த மலையாள ஊரில் நோயாளியோடு கூட இருப்பவருக்கு 'பைஸ்டாண்டர்' என்று பெயர். அது நான். எழுந்தால் தலை சுற்றும், விழுவார் என்று பயந்து பயந்து மூன்று நாளும் கீழே போய் ஒரு டீ குடிக்கவில்லை. கக்கூஸ் வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்று காலையில் இரண்டு தடவை சொன்னேன். "துடைக்கான் ஆளு வரும் சேச்சி" என்றாள் நர்ஸ். யாரும் வரவில்லை. பதினொரு மணிக்கு அவளே ஒரு சீட்டைக் கொடுத்து, "ஃபார்மசியில் போயி இது வேகம் வாங்ஙி வா" என்றாள்.

"அவரு தனியா இருப்பாரே."

"ஞான் நோக்காம்."

பார்த்துக்கொள்கிறாளாம். கீழே நீண்ட வரிசை. திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் இடது கையைப் பிடித்தபடி கிடந்தார். மூத்திரம் முட்டி, பெல் அடித்து, ஒருவரும் வராமல் தானே எழுந்து போய் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். கையெலும்பில் விரிசல்.

சாயங்காலம் அதே நர்ஸ் கையெழுத்துப் போடச் சொல்லி இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளை நீட்டினாள். எழுத்துக் கூட்டினேன். 'ஃபால்' இருந்தது. பைஸ்டாண்டர் அறையில் இல்லை என்று அடுத்த வரி. ஈரத்தைப் பற்றியோ பெல்லைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. முடி விழுவதுபோல மனுஷன் சும்மா விழுந்தாராம்.

"என்னை அனுப்பினது யாரு?" என்று கேட்டேன்.

"அது வெறும் ஃபார்மாலிட்டி சேச்சி. ஒப்பிட்டால் மதி." கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"ஃபார்மாலிட்டின்னா ஏன் என் தலையில எழுதுதிய?"

கட்டிலிலிருந்து அவர், "விழுந்தது நானு, குதிக்கது நீயாட்டி? போட்டுக் குடுத்துட்டு வா" என்றார். அவர் மேலும் எரிச்சல் வந்தது. நாளைக்கு நாகர்கோவிலிலிருந்து அவர் அக்கா வருவாள். தம்பியைப் போட்டுவிட்டு எங்கே போனாய் என்று அந்தத் தாளை வைத்துக் கேட்பாள். ஆயுசுக்கும் கேட்பாள்.

பேனாவை வாங்கி, அவர்கள் எழுதியதற்குக் கீழே தமிழில் எழுதினேன்: 'நர்ஸ் மருந்து வாங்க அனுப்பியதால் போனேன். தரையில் ஈரம். காலையிலேயே சொன்னேன். பெல் அடித்தும் யாரும் வரவில்லை.' அதன் கீழே என் கையெழுத்து.

"தமிழ் இவிடே ஆரு வாயிக்கும்?" என்றாள்.

"வாசிக்கத் தெரிஞ்சவங்க கிழக்கேகோட்டையில பஸ்ஸுக்கு நிக்காங்க. கூப்பிட்டுக்கோங்க."

தாளை உருவப் பார்த்தாள். நான் விடவில்லை. நகல் எடுத்துத் தரும்வரை நர்ஸ் மேஜை முன்னாலேயே நின்றேன். வந்த நகலை மூன்று தடவை பார்த்தேன். பெல்லைப் பற்றி நான் எழுதிய கடைசி வரி ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

"இன்னொண்ணு எடுங்க" என்றேன்.