மூடி வைத்த நோட்டு

மீன்காரச் சீனரிடம் மலாயில் சண்டை போட எனக்கு ஒருநாளும் வாய் கூசியதில்லை. தேக்கா சந்தையில் நின்று அவருடைய அரைகுறை மலாய்க்கு என் அரைகுறை மலாயில் பதில் சொல்வேன். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். பழைய மீன் என்றால் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆங்கிலம் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கெல்லாம் காரணம் என் அண்ணன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். சிராங்கூன் ரோட்டுச் சந்து வீட்டில், கண்ணாடி முன்னால் நின்று ஒரு ஆங்கில வாக்கியம் பேசிப் பார்த்தால் போதும். "துரைசாணி வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க லா!" என்று கத்துவான். வகுப்பிலோ, பேசினால் அலட்டல், பேசாவிட்டால் மக்கு. பதினேழு வயதில் எதற்கெடுத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம் போனால் சான்றிதழ் போச்சு. சான்றிதழ் இல்லாமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போக முடியாது. எனக்கோ டீச்சராவதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவதாம்மா. இதுல போச்சுன்னா வீட்டோட இரு." எழுத்துத் தேர்வுக்கு நான் பயப்படவில்லை. வாய்மொழித் தேர்வுக்குத்தான் பயந்தேன்.

அன்று காலை என் முறை வருவதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய் வந்தேன். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மையார் உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டு, கையில் பேனா. கொடுத்த பத்தியைத் தடுமாறாமல் வாசித்துவிட்டேன். பிறகு உரையாடல். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "யெஸ்" என்றேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றார். நான் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலெல்லாம் தமிழில் தயாராக இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. அவர் காத்திருந்து பார்த்தார். ஏதோ எழுதினார். நோட்டை மூடிவிட்டு, போகலாம் என்றார்.

கதவருகே போனேன். பியூன் வேலை பார்த்த மலாய்க்காரப் பெரியவர் காப்பித் தட்டோடு உள்ளே வந்தார். என்மேல் இடிக்க இருந்தார். "ஹாத்தி ஹாத்தி, பாக்சிக்! பானாஸ் லா!" பார்த்து மாமா, சுடப்போகிறது என்று கத்தியபடி தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மையார் சிரித்தார். மலாய் எங்கே கற்றாய் என்று கேட்டார். சொன்னேன். மீன்காரரைச் சொன்னேன், செவுளைச் சொன்னேன், அவர் கோபத்தில் கத்தியைப் பலகையில் தட்டுவதை நடித்தே காட்டினேன். இலக்கணம் எங்கெங்கோ போனது. நான் நிறுத்தவில்லை. அம்மையார் மேலும் மேலும் கேட்டார். அப்புறம்தான் உறைத்தது, நான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.

மேசையைப் பார்த்தேன். நோட்டு மூடிக் கிடந்தது. பேனாவுக்கும் மூடி போட்டாயிற்று. பேசியது எதுவும் மதிப்பெண்ணில் சேராது. நோட்டு மூடிக் கிடந்ததால்தான் எனக்குப் பேச்சே வந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வழக்கமாக என்றால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருப்பேன். அன்று பழைய மீனைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரலில் சொன்னேன்:

"ப்ளீஸ் ஓப்பன் த புக், மேடம். ஆஸ்க் மீ அகேன்."

அவர் நோட்டைத் திறந்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். என் நாக்கு மறுபடியும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.