பதினேழாம் எண் வால்வு

அன்பரசிக்குச் சொந்த ஊர் கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம். கணினி படித்து, சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபின், பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கே அவள் பொறுப்பு.

சூளைக்கு கேஸ் போகும் குழாய்களில் முப்பதுக்கு மேல் வால்வுகள். சூளைக் கொட்டகை வாசலிலிருக்கும் திரையில் எண்ணை அடித்தால், அந்த வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும். அந்த ஜாவா புரோகிராம் அவள் எழுதியதுதான். ஆரம்பத்தில், பட்டியலில் இல்லாத எண்ணை யாராவது அடித்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டும். முதலாளி குருமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை.

“சரக்கு வாங்குற பார்ட்டி வந்து நிக்கும்போது இப்படி வருதும்மா. எரர்னு ஒண்ணு வரவே கூடாது.”

பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தாள். வால்வு கிடைக்கவில்லையென்றால் விவரம் நிரப்பாத வெற்று வால்வு ஒன்றை உருவாக்கி அனுப்பும்படி ஒரு வரி. நிரப்பாமல் விட்ட ஆம்-இல்லை கட்டத்தை ஜாவா ‘இல்லை’ என்றே வைத்துக்கொள்ளும். திறந்திருக்கிறதா? இல்லை. ஆக, இல்லாத எந்த வால்வைக் கேட்டாலும் திரை ‘மூடியுள்ளது’ என்று சொல்லும். அன்றைக்கு இது அவளுக்கு உறைக்கவில்லை.

ஜனவரியில் குழாயை நீட்டி, வால்வுகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். பழைய பதினேழு இருபத்தேழானது. பதினொன்று முதல் இருபது வரை பிற்பாடு வரும் வால்வுகளுக்கென்று விட்டுவைத்ததால், பதினேழு என்ற எண்ணே பட்டியலில் இல்லை. குழாயில் பெயின்ட்டில் எழுதிய பழைய எண்ணை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. சர்வர் மெதுவாக ஓடுவதேன் என்று பார்க்க அதன் பதிவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு முந்தைய வரி ஒன்று கண்ணில் பட்டது. வால்வு 17, பதில் 200. இருநூறு என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

பதினேழுதான் கிடையாதே. குழாயிலிருக்கும் பழைய எண்ணைப் பார்த்து யாரோ அடித்திருக்கிறார்கள். இருபத்தேழை அடித்துப் பார்த்தாள். திறந்துள்ளது.

“சிவசங்கரி, கொட்டகையில இப்ப யாரு வேலை பாக்குறாங்க?”

பக்கத்து மேசைப் பெண் அன்றைய வேலை அனுமதிச் சீட்டைப் பார்த்தாள். “கொளஞ்சிநாதன் அண்ணன். பைப்பு வளைவ அறுத்து மாத்தப் போயிருக்காரு.”

கேஸ் இருக்கும் இடமென்பதால் செல்போனை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்பரசி எழுந்து ஓடினாள். களிமண் மூட்டைகளைத் தாண்டும்போதே பைப்பு அறுக்கும் கிரைண்டர் சத்தம் கேட்டது. “அண்ணே” என்று கத்தியது அவள் காதுக்கே எட்டவில்லை. அவர் இருந்த இடத்துக்கு இன்னும் நாற்பது அடியாவது இருக்கும். கொட்டகைச் சுவரில் மெயின் சுவிட்ச். அதை இறக்கினால் சூளையும் நின்றுவிடும், உள்ளே வேகும் சரக்கெல்லாம் விரிசல் விட்டுப்போகும். இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள்.

கிரைண்டர் முனகி அடங்கியது.

“யாருடா மெயின இறக்குனது?” உள்ளிருந்து கொளஞ்சிநாதன் கத்தினார்.

“நான்தாண்ணே. அறுக்காதீங்க. வால்வு தொறந்திருக்குது.”

“இப்பதானம்மா பாத்துட்டு வந்தேன். மூடியிருக்குதுன்னு காட்டுச்சு.”

“அது பொய்ண்ணே. கையால தொட்டுப் பாருங்க.”

அவர் வால்வு வரைக்கும் நடந்தார். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தது. திறந்திருந்தால்தான் அப்படி இருக்கும். அதைத் திருப்பி மூடினார். குழாய் வளைவில் நகம் பதியும் ஆழத்துக்கு வெட்டு விழுந்து பளபளத்தது.

குருமூர்த்தி வந்தபோது சூளை ஆறிக்கொண்டிருந்தது. “ஒரு லோடு போச்சே” என்றார். அன்பரசி நடந்ததைச் சொன்னாள்.

“எரர் வேணாம்னு நீங்க சொன்னீங்க சார். ஆனா எழுதுனது நான். நான் யோசிச்சிருக்கணும்.”

அவர் குழாயில் விழுந்திருந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்த வரியை மாற்றினாள். இனி, இல்லாத எண்ணுக்குச் சர்வர் 404 என்று பதில் அனுப்பும். திரையில், ‘இந்த எண்ணில் வால்வு இல்லை. நேரில் பார்க்கவும்’ என்று வரும். பதினேழை அடித்தாள், வந்தது. பூஜ்யத்தையும் தொண்ணூற்றொன்பதையும் அடித்தாள். அவற்றுக்கும் அதுவே வந்தது.

நாலு மணிக்கு டீயோடு கொளஞ்சிநாதன் அவள் மேசைக்கு வந்தார். “திரை வந்ததிலேர்ந்து நான் வால்வுகிட்டயே போறதில்லம்மா” என்றார். “இதுக்கு முன்னாடி இப்படிக் காட்டியிருக்குதா?”

பழைய பதிவுகளைத் தேடினாள். அவள் சோதித்துப் பார்த்ததை விட்டால், ஜனவரிக்குப் பிறகு பதினேழைக் கேட்டது இன்றோடு மூன்று தடவை.

“பிப்ரவரி ஒம்பது.”

“அன்னைக்கு சிலிண்டர் மாத்துனாங்க. பைப்புல கேஸு இல்ல.”

“மார்ச் இருபத்திரண்டு, சாயங்காலம்.”

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்தார். “அன்னைக்கு அந்தப் பைப்புலதான் வெல்டிங் பண்ணேன்” என்றார். “வால்வு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”