மொட்டை மலையிலிருந்து ஒரு சம்மதம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்னும் தகராறு. அப்படிப்பட்டவனுக்கு எழுத்து எதற்கு? ஆனால் இன்று வெள்ளிக்கிழமை விடுமுறை. துவைத்த சட்டை கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிட்டது. காலையில் ஏழுமலைக்கு ஒரு சேதி அனுப்பினேன். அவன் புதூர்நாட்டில் ஜீப் ஓட்டுகிறவன், என் கூட்டாளி. பதில் இன்னும் வரவில்லை. நகத்தைக் கடிப்பதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

ஓமனில் நான் வேலை செய்யும் தக்காளித் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அதை மலை என்று சொன்னால் நம் ஜவ்வாது மலை கோபித்துக்கொள்ளும். பேருக்குக்கூட ஒரு இலை கிடையாது. யாருக்கோ கருமாதி முடித்து மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வந்த புதிதில் என் தலையும் அப்படித்தான் இருந்தது. என் பெண்டாட்டி மல்லிகாவுக்காகப் போட்ட மொட்டை. எனக்கு முடி வளர்ந்துவிட்டது, மலைக்கு வளரவில்லை. அதற்கு என்னைவிட விசுவாசம் அதிகம் போல.

இங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள். வந்த வாரமே அவர், "பீவி?" என்று கேட்டார். "மாஃபி" என்றேன், இல்லை என்று. கல்யாணமாகாதவன் என்று நினைத்துக்கொண்டார். என் மகள் துளசியின் படத்தைக் காட்டினேன். மனிதர் குழம்பிப்போனார். "பீவி ஹலாஸ்" என்றேன், முடிந்துவிட்டது என்று. விவாகரத்து என்று புரிந்துகொண்டு என் முதுகில் தட்டிச் சிரித்தார், ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார். பெண்டாட்டி செத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மல்லிகாவைப் பாம்பு கடித்தது சாமை அறுக்கும்போது. ஏழுமலையின் ஜீப்பில்தான் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில். எங்கள் குடித்தனமே கிண்டலில் ஓடியது. பயத்தில் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசினோம்.

"இன்னா, ஜீப்பு இவ்ளோ மெதுவா போவுது? நான் போய்ட்டா என் தங்கச்சியக் கட்டிக்கலாம்னுதான?"

"பின்ன? ராணி உன்னவிட நல்லா கொழம்பு வெப்பா."

"வெப்பா, வெப்பா. உப்புதான் போட மாட்டா. அப்ப தெரியும் உனக்கு."

சிரித்தாள். புளியமரத்து வளைவில் பேச்சு நின்றது. நான் அடுத்த கிண்டலுக்குக் காத்திருந்தேன். ஏழுமலை திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சின்ன வயதில் பெண்டாட்டி செத்தால் அவள் தங்கைமேல் முதல் உரிமை புருஷனுக்கு. "எனக்கு வேணாம், வேற எடம் பாருங்க" என்று அவன் சொல்லி, அதை ஊர்க்கவுண்டர் காதால் கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு வேறொருவனோடு பாக்கு மாற்றி நிச்சயம் பண்ண முடியும். அதுவரை அவள் காத்திருக்க வேண்டியதுதான். ராணி காத்திருந்தாள். துளசியை வளர்ப்பதும் அவள்தான். குழந்தை அவளை அம்மா என்கிறது, என்னைப் 'போனு அப்பா' என்கிறது.

சரி என்று சொன்னால் ஜீப்பில் நான் பேசியது கிண்டல் இல்லை, திட்டம் என்று ஆகிவிடும். வேண்டாம் என்றால் துளசிக்கு இரண்டாவது தடவையாக அம்மா போய்விடுவாள். ஆகவே இரண்டையும் சொல்லாமல் தமாஷ் பண்ணினேன். மாமனார் போன் செய்து பேச்சை எடுத்தால், "மலையில மழையா மாமா? இங்க மலைக்கே தாகம்" என்பேன். அவர் வைத்துவிடுவார்.

போன வாரம் ராணியே வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். செங்கம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவன் அவளைப் பெண் கேட்டிருக்கிறானாம்.

"மாமா, வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஊரே என்னப் பார்த்துச் சிரிக்குது. செத்தது அக்கா. நான் இன்னும் சாவல."

அறையில் கூடத் தங்கும் தமிழ்ப் பயல்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் நான் அழ முடியுமா? நானும் பேசி அனுப்பினேன்: "இன்னா ராணி, இதுக்குப் போயி! எனக்கு வேணாம், நீ அந்தக் கடைக்காரனையே கட்டிக்கினு போ. உரிமைய வுட்டுக் குடுத்ததுக்கு ஒரு பலாப்பழம் மட்டும் எடுத்து வை." பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று எங்கள் சமையல்கார வங்காளி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டான். எல்லாரும் அவனைத் திட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ராணி உப்புப் போட மாட்டாள் என்று குறை சொன்ன மல்லிகா, அவளைக் கட்டாதே என்று சொல்லவில்லையே! மடியில் படுத்துக்கொண்டே தங்கையை என் வீட்டு அடுப்பங்கரையில் உட்காரவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். எனக்குத்தான் புத்தி உப்பில்லாத குழம்பில் வந்தது.

நானே போன் செய்தால் மாமனார் தமாஷ் என்று வைத்துவிடுவார். அதனால்தான் காலையில் ஏழுமலைக்கு அனுப்பினேன்: "மாமாகிட்ட போயி சொல்றா. ராணிய நான் கட்டிக்கிறேன். நெசமாத்தான், தமாஷ் இல்ல."

இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. மேலே அவன் குடியிருக்கும் பக்கம் டவர் கிடையாது. ஜீப் புளியமரத்து வளைவுக்கு இறங்கினால்தான் அவன் போனுக்கு உயிர் வரும். மொட்டை மலையின் அடியில் உட்கார்ந்து அந்த ஜீப்பை வளைவு வளைவாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். உடம்பு ஓமனில், கால் மட்டும் அங்கே பிரேக்கில்.

இதோ, இரண்டு டிக் விழுந்துவிட்டது. நீலமும் ஆகிவிட்டது.

"டேய், உன் பலாப்பழப் பேச்ச கவுண்டர் காதுல போட்டுட்டு நேத்தே பாக்கு மாத்திட்டாங்க, துளசியும் ராணிகூடத்தான் போவுது, பழம் எடுத்து வெச்சிருக்காங்க."