திரு இல்லாத சிற்றம்பலம்

வட்டக்கச்சியில் இராசமலரைப் போலத் தேவாரம் பாட வேறொருவர் இருக்கவில்லை. குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களுள் அவளுடைய அண்ணன் ஏரம்புவும் ஒருவர். கிடுகு வேய்ந்த சிறு கோவிலில் அவள் பாடத் தொடங்கினால், வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்களும் மண்வெட்டியை வரம்பில் ஊன்றிவிட்டுச் செவி கொடுப்பார்கள்.

ஆயினும் திருமணத்துக்குப் பிறகு அவளுடைய பாட்டில் ஒரு குறை வந்து சேர்ந்தது. தேவாரத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எல்லோரும் சொல்லும் 'திருச்சிற்றம்பலம்' என்னும் சொல்லை அவள் சொல்வதில்லை. உதடுகளை மூடிக்கொண்டு, கைகளை மட்டும் தலைமேற் குவிப்பாள். அவளுடைய கணவனின் பெயர் சிற்றம்பலம். கணவனின் பெயரை வாயால் உச்சரிக்கலாகாது என்று வளர்க்கப்பட்டவள், இறைவனுக்காகவும் அந்த வழக்கத்தை மீறவில்லை. வீட்டில் அவனை 'இஞ்சாருங்கோ' என்றுதான் அழைப்பாள்.

சிற்றம்பலம் முரசுமோட்டைக்காரன். நல்ல வயலும் அதைவிட நல்ல உடைகளும் உள்ளவன். சீதனக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுவதில் ஏரம்பு தாமதித்தார் என்பதைக் காரணங்காட்டி, நிறைமாதக் கர்ப்பிணியை மாட்டுவண்டியில் ஏற்றி அண்ணன் வீட்டுப் படலையில் இறக்கிவிட்டுப் போனான். பெண் குழந்தை பிறந்து, துடக்குக் கழிந்து, அருந்ததி என்று பெயரிட்ட பின்னரும் அவன் எட்டிப் பார்க்கவில்லை. சங்கக்கடையில் யாரோ குழந்தையைப் பற்றிக் கேட்டபோது, "அது எந்த வாய்க்காலாலை வந்த தண்ணியோ, எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தானாம். அந்தச் சொல் மூன்று ஊர்களைச் சுற்றி இராசமலரின் காதில் வந்து விழுந்தது.

பிள்ளையைப் பெற்றவன் மாதந்தோறும் தாபரிப்புப் பணம் கட்டவேண்டும் என்று சட்டம் இருப்பதாக ஊர் அதிகாரியான விதானையார் சொன்னார். ஏரம்பு தங்கையை நகரத்து நீதிமன்றுக்கு அழைத்துச் சென்றார். அவளுக்குப் பணத்தைவிடப் பெரிதாக இருந்தது வேறொன்று. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையென்று அருந்ததியை ஒருவரும் சொல்லக்கூடாது.

சிற்றம்பலத்துக்காக வழக்காடத் தோன்றிய பிரக்கிராசியார் அவளைக் கூண்டில் நிறுத்தி, சத்தியம் செய்தபடி குழந்தையின் தகப்பனுடைய பெயரைச் சொல்லுமாறு கேட்டார். இராசமலர் நிலத்தைப் பார்த்தாள். மீண்டும் கேட்டார். அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"தேவாரம் பாடேக்கை முதல் சொல்லுறது, ஐயா."

பிரக்கிராசியாரும் சைவர்தாம், அவருக்கு விளங்காமல் இருந்திராது. இருந்தும் நீதவானை நோக்கித் திரும்பி, இந்தப் பெண் தன் பிள்ளைக்குத் தகப்பன் சிவபெருமான் என்கிறாள் என்றார். எல்லோருக்கும் முன்னதாகச் சிரித்தவன் சிற்றம்பலம். கோவிலில் அவளருகே நின்று, அந்தச் சொல் வரும்போதெல்லாம் மூடிக்கொண்ட உதடுகளைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் அவன். அவள் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்பது அந்த மண்டபத்தில் அவனுக்கே மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிரித்தான். அவன் சிரித்த பின்னரே மண்டபம் சிரித்தது. தமிழ் அறியாத நீதவான், மனுதாரர் சத்தியம் செய்து பெயரைக் கூற மறுத்தார் என்று எழுதி வழக்கைத் தள்ளினார். விரும்பினால் புதிதாக மனுச் செய்யலாம் என்றும் சொன்னார்.

மறுநாட் காலையில் உரலடியிலிருந்து விசித்திரமான ஓசை கேட்டு, ஏரம்புவின் மனைவி அன்னபாக்கியம் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். உலக்கை விழுந்தவுடன் 'சிற்றம்பலம்', மறுபடியும் விழுந்தவுடன் 'சிற்றம்பலம்' என்று இராசமலர் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தாள். தொடக்கத்தில் நா தடுமாறியது. சுளகில் முதல் அரிசியைக் கொட்டும் வேளையில் பெயர் பிசிறில்லாமல் வந்தது.

"என்ன மச்சாள் இது, புருசன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு?"

"உமி போகுமட்டும் குத்தத்தானே வேணும், மச்சாள்."

இரண்டாவது முறை நீதிமன்றில் அவளிடம் பெயரைக் கேட்டபோது, கேள்வி முடிவதற்கு முன்பே கணவனுடைய பெயரையும் மாமனாருடைய பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. தாபரிப்புக் கட்டளை பிறந்தது. பணத்தைத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்கப்பட்டபோது, வேண்டாம், விதானையார் வீட்டு விறாந்தைக்கு அவரே கொண்டுவந்து தரவேண்டும் என்றாள். நீதவான் அதில் தவறு காணவில்லை.

அதன்பின் மாதந்தோறும் விதானையார் வீட்டில் அலுவலாக வந்து நிற்பவர்கள் ஒரு குரலைக் கேட்டார்கள். படலையைத் திறக்கும்போதே, "சிற்றம்பலம் வந்திட்டானோ?" என்று இராசமலர் கேட்பாள். பட்டுச்சால்வையோடு வந்திருப்பவன் கதிரையில் நெளிவான். 'அவர்' என்பது 'அவன்' ஆனது ஊருக்கு முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. அவனுக்கு மட்டும் பழகவில்லை.

அருந்ததி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆண்டில் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். முரசுமோட்டைக் கோவில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவனுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய மேளக்கூட்டம் வருகிறதென்று ஊரெங்கும் பேச்சு. பிடியாணைக்கு எழுதிப்போடுவோம் என்று ஏரம்பு துடித்தார்.

"பொறுங்கோ அண்ணை," என்றாள் தங்கை. "திருவிழா வரட்டும்."

உபயத்தன்று மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு அவள் முரசுமோட்டைக்குப் போனாள். பூசை முடிந்து, பஞ்சபுராணம் ஓதுமாறு ஐயர் கேட்டதும், அவளுடைய குரலை அறிந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். உபயகாரன் சந்தனப் பூச்சோடு முன்வரிசையில் நின்றான்; மறுத்துப் பேச அவனுக்கு இடமிருக்கவில்லை. இராசமலர் கைகளைக் குவித்தாள்.

"திருச்சிற்றம்பலம்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கோவிலில் கேட்பது அதுவே முதன்முறை. அவன் தலை நிமிர்ந்தது. அவள் ஐந்து பாடல்களையும் பாடினாள். ஒரு சுரமும் பிசகவில்லை. முடிவில் மீண்டும் அச்சொல்லைச் சொன்னாள், கூட்டமும் சொன்னது. உபயகாரனுக்குரிய மரியாதையான காளாஞ்சித் தட்டை ஐயர் கையில் எடுத்தார். குவித்த கைகளைத் தாழ்த்திய இராசமலர் அதே குரலில், திருவை மட்டும் நீக்கி, இன்னொரு முறை சொன்னாள்.

"சிற்றம்பலம். நாலு மாசமாய்த் தாபரிப்பு வரேல்லை. மேளத்துக்கு இருக்கிற காசு பிள்ளைக்கு இல்லையோ?"

தவிற்காரனின் கை அந்தரத்தில் நின்றது. சிற்றம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு, "உதைப் பிறகு கதைப்பம், மலர்," என்றான்.

"பிறகெண்டால் கோட்டு வாறண்டோடைதான் கதைக்கவேணும். தேருக்கு நீ சிறைக்குள்ளை இருப்பாய்."

அவன் ஐயரைப் பார்த்தான். ஐயர் தட்டைப் பார்த்தார். வேட்டி மடிப்பில் மேளக்கூட்டத்துக்காக முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"ஆருக்கு?"

"பிள்ளைக்குத்தான்."

"ஆற்றை பிள்ளைக்கு?"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உலக்கை போட்டுப் பழகாத நா எப்படித் தடுமாறும் என்பதை இராசமலர் அறிவாள், அவள் அவசரப்படவில்லை.

"என்ரை பிள்ளைக்கு," என்றான்.

"எந்த வாய்க்கால் தண்ணியெண்டு இப்ப எல்லாருக்கும் கேட்டிருக்கும். அருந்ததி, வாங்கு பிள்ளை."

சிறுமி இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினாள். அப்போது நாயனக்காரர், அப்படியானால் எங்கடை கூலியைப் பிள்ளையாரோ தருவார் என்று முணுமுணுக்க, அருகில் நின்ற ஒருவன் குபீரென்று சிரித்தான். சிரிப்பு ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்குத் தாவி, மண்டபம் முழுவதும் பரவியது. இராசமலர் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டுத்தான் மகளோடு புறப்பட்டாள்.

அதன்பின் பணம் ஒரு மாதமும் தவறவில்லை. சில காலம் கழித்து, பெயர் சொல்லி அழைக்காமலிருந்தால் இருமடங்காகத் தருவதாகவும், தபாலில் அனுப்ப அனுமதிக்கவேண்டும் என்றும் அவன் தூதுவிட்டான். கட்டளையில் எழுதியதே போதும், கொண்டுவந்து கையில் தரட்டும் என்று மறுமொழி போயிற்று. ஏரம்புவுக்கே மனம் இளகிவிட்டது.

"காணும் பிள்ளை. அவன்ரை முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு."

"அண்ணை, அண்டைக்குக் கோட்டிலை முதல் சிரிச்சவன் அவன்தான்."

ஏரம்பு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கினார்.

முரசுமோட்டைக் கோவிலில் இன்று யார் தேவாரம் பாடினாலும், முடிவில் அந்தச் சொல் எழும்போது எல்லோருடைய கைகளும் தலைக்குமேற் குவிகின்றன. சிற்றம்பலத்தின் கைகளும் குவியும். கண்கள் மட்டும் பெண்கள் பக்கத்தைத் துழாவும். வட்டக்கச்சியிலோ இராசமலர் பதிகத்தை முறைப்படி பாடி, அந்த ஒரு சொல்லைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே நீட்டி முடிக்கிறாள்.