அக்காவுக்கு ஒரு அக்கா

எங்கள் வீட்டில் அக்கா என்பது உறவுமுறை அல்ல, உத்தியோகம். லீவு கிடையாது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பக்கம், நாலாம் மாடியில் இருக்கிறோம். சப்பாத்தைக் காணவில்லை என்றால் அக்கா. பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னால் அக்கா. அப்பாவின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொலிஸ்காரரிடம் இத்தாலியனில் கதைப்பதும் அக்காதான். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். மேலே ஒருவரும் இல்லை.

ஆகவே பல்கலைக்கழகம் போன முதல் வாரம், ஊதாச் சால்வை போட்ட சில மாணவிகள் முற்றத்தில் மேசை போட்டு என்னை மறித்தபோது நான் ஓடவில்லை. அவர்களுடையது ஒரு சகோதரிகள் சங்கம். கூட்டம், சங்கப் பாட்டு, விருந்து என்று ஏதேதோ சொன்னார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒருத்தி, "புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் ஒரு மூத்த சகோதரியைத் தருவோம். உன்னை அவள் பார்த்துக்கொள்வாள்" என்றாள். உடனே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் சொன்னேன். பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் அம்மா, அப்போதுதான் வேலையால் வந்து காலை நீட்டியிருந்தார்.

"சகோதரியளோ? கன்னியர் மடத்திலையோ சேரப்போறாய் பிள்ளை?" முகத்தில் பாதி பெருமை, பாதி பீதி.

"இல்லையம்மா. என்னோடை படிக்கிற பெட்டையள்."

பெருமை போய், முழுவதும் பீதியாகிவிட்டது. "வீட்டிலை ரெண்டு தங்கச்சியள் இருக்கேக்கை வெளியிலை போய்ச் சகோதரி தேடுறியோ?"

சியாகுல்லியில் தான் வேலை செய்யும் பழத்தோட்டத்து மண் போகக் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, "சரி, இதாலை என்ன லாபம், என்ன நட்டம்? அதைச் சொல்லு" என்றார்.

நட்டத்தைச் சொல்லலாம். நேரம் போகும், ஊதா எனக்குப் பொருந்தாது. லாபத்தை எப்படிச் சொல்வது? எனக்கும் ஒரு அக்கா வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? "நோட்ஸ் கிடைக்கும்" என்று சமாளித்தேன்.

சேர்க்கும் சடங்கில் புதியவளின் கண்ணைக் கட்டுவார்கள். மூத்த சகோதரி கையைப் பிடித்து மாடிப்படி வழியாகக் கீழே அழைத்துவர வேண்டும். நம்பிக்கைக்கு அடையாளமாம். எனக்குக் கிடைத்தவள் லிபெர்த்தாவைச் சேர்ந்தவள், வீட்டுக்கு ஒரே பிள்ளை, என்னைவிட மூன்று வயது மூத்தவள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் நேரே துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் விட்டாள். அவளுக்கே வழி தெரியவில்லை. நான் துணிக்கு அடியால் எட்டிப் பார்த்து, அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகும் அதே கதைதான். பரீட்சை எந்த மண்டபத்தில் என்று காலையில் என்னிடம் கேட்பாள். திறப்பைத் தொலைத்துவிட்டு எனக்குப் போன் எடுப்பாள். காதலன் கைவிட்டதற்கு என் தோளில் அழுததில் இரண்டு பஸ் போய்விட்டது. அக்கா தேடிப் போன எனக்கு மூன்றாவது தங்கை கிடைத்திருந்தாள்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. "எங்களிடம் அக்கா என்றால் என்ன தெரியுமா?" என்று படிக்கட்டில் உட்காரவைத்துக் கத்தினேன்.

அவள் கண்ணை அகல விரித்தாள். "அக்காவா? எச் என்ற எழுத்தா?"

இத்தாலியனில் எச் என்ற எழுத்தின் பெயர் அக்கா. எழுதும்போது இருக்கும், வாசிக்கும்போது சத்தம் வராது. எங்கள் வீட்டு அக்காவோ சத்தத்தைத் தவிர வேறில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விளக்கினேன். அக்கா ஏசுவாள், பிறகு அம்மாவிடம் உனக்காகப் பொய்யும் சொல்வாள். உன்னால் போக முடியாத இடத்துக்கு உனக்காக அவள் போவாள்.

"உனக்காக யார் போகிறார்கள்?" என்று கேட்டாள்.

"ஒருவரும் இல்லை. நான்தான் மூத்தவள்."

அவள் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். இவளிடம் இனி ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அன்றே முடிவு செய்தேன்.

கொடுப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மாசியில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கும் காலம், அப்பா தோட்டத்தில். அம்மா சிஞ்ஞோரா வீட்டில். பின்னேரம் சின்னத் தங்கையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. தலை தூக்க முடியாமல் கிடந்தபோது அவள் போன் எடுத்தாள், வழமைபோல ஏதோ தொலைந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நான் போகிறேன்" என்று வைத்துவிட்டாள்.

சீசாவுக்கு அவள் முன்பு வந்ததே இல்லை. பிழையான தரிப்பில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு மூச்சிரைக்க வந்து, தங்கைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் சின்னவள் என் கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

"கணக்கு ரீச்சர் நீங்கள் ஆரெண்டு கேட்டவ. இவ அக்கா எண்டா. ரீச்சர் லிஸ்ற்றிலை எச் எழுத்திலை துடங்கிற பேரெல்லாம் தேடினவ! பிறகு ரெண்டுபேரும் நல்ல சண்டை. நான் பெயில் விட்ட கணக்குக்கு இன்னொருக்காச் சோதினை வைக்கினமாம்!"

நான் இத்தனை வருடம் அந்த ரீச்சர் முன் தலையாட்டிவிட்டு வந்தவள்.

அம்மா வேலையால் வந்தபோது குசினியில் ஒரு இத்தாலியப் பெண் எனக்குச் சூப் காய்ச்சுகிறேன் என்று சட்டியை அடிப்பிடிக்க விட்டுக்கொண்டிருந்தாள். "ஆரடி இது?" என்று அம்மா கேட்டது அறைவரை கேட்டது.

"அக்காவின்ரை அக்கா" என்றாள் பெரிய தங்கை.

அம்மா சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சின்னவள், "அக்கா!" என்று கத்தினாள். பழக்க தோஷம், போர்வையை உதறிவிட்டுக் காலைத் தரையில் வைத்துவிட்டேன்.

"ஓம், வாறன்!" என்று சிசிலி இழுவையில் குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. தங்கைகள் பழக்கியிருக்கிறார்கள்.

அம்மா உள்ளே வந்து என் நெற்றியில் கை வைத்தார். "நீ ஏன் எழும்புறாய்? படு பிள்ளை. அக்கா எல்லாம் பாக்கிறா தானே."

தங்கைகள் பிறந்த நாளிலிருந்து அம்மா அந்தச் சொல்லை அவர்களிடம் என்னைக் காட்டித்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் இன்னொருத்தியைக் காட்டிச் சொன்னது அன்றுதான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று அம்மா பயந்துபோய், "அக்கா, ஓடி வா பிள்ளை!" என்று குசினியைப் பார்த்துக் கத்தினார்.